உலகம் நம்மை மதிக்கிறதா? தலைவர்களின் பேச்சும் கணிப்புகளின் பதிலும் – வாசகர் கேள்வி பதில்

ஒரு நாட்டின் தலைவர், உலக அரங்கில் தம் நாட்டுக்கு இருக்கும் பெயரைப் பற்றி மேடையில் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: “எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்தில் உலகமே நம்மைப் பார்த்துச் சிரித்தது, இன்று எல்லா நாடுகளும் நம்மை மதிக்கின்றன” என்று ஒரு தலைவர் சொன்னால், அதை மேடைப் பேச்சு என்று விட்டுவிட வேண்டியதுதானா? அல்லது மெய், பொய் என்று பிரித்துச் சொல்ல வழி உண்டா?

பதில்: வழி உண்டு. மதிப்பு என்பது மனத்துக்குள் இருப்பதுதான் என்றாலும், நீங்கள் எடுத்துக்காட்டிய வாக்கியத்தில் ஓர் ஒப்பீடும் இருக்கிறது. முன்பு குறைவு, இப்போது அதிகம் என்று சொல்பவர் இரண்டு காலங்களைத் தாமாகவே குறிப்பிட்டுவிடுகிறார். அந்த இரண்டு காலங்களிலும் வெளிநாட்டு மக்களிடம் ஒரே கேள்வியை ஒரே முறையில் கேட்டுப் பதிவு செய்தவர்கள் இருந்தால், விடையை எடுத்துப் பார்த்துவிடலாம்.

இந்த வகைப் பதிவுகள் அதிகம் கிடைப்பது அமெரிக்காவைப் பற்றித்தான். வாஷிங்டனில் இருக்கும் பியூ ஆய்வு மையம், அமெரிக்காவைப் பற்றி நல்ல எண்ணம் உண்டா என்றும், அதன் அதிபர் உலக விவகாரங்களில் சரியானதைச் செய்வார் என்ற நம்பிக்கை உண்டா என்றும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாட்டு மக்களிடம் கேட்டுவருகிறது. இராக் போருக்குப் பிந்தைய ஜார்ஜ் புஷ்ஷின் கடைசி ஆண்டான 2008இல் ஜெர்மானியர்களில் 31 சதவீதம் பேருக்கே அமெரிக்காவின் மீது நல்ல எண்ணம் இருந்தது. பராக் ஒபாமா பதவியேற்ற 2009இல் அது 64 ஆனது. அதே ஓராண்டில் பிரான்சில் 42இலிருந்து 75 ஆகவும், இந்தோனேசியாவில் 37இலிருந்து 63 ஆகவும் உயர்ந்தது. ஆகவே 2009இல் ஒருவர், “நம் நாட்டின் பெயர் வெளியே மீண்டிருக்கிறது” என்று பேசியிருந்தால் அந்த நாடுகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. அதையே “உலகம் முழுவதும்” என்று நீட்டியிருந்தால் தவறு. ஏனென்றால் அதே ஆண்டில் துருக்கியில் 14 சதவீதமும் பாகிஸ்தானில் 16 சதவீதமும்தான் நல்ல எண்ணம் தெரிவித்தன.

அடுத்த திருப்பம் 2017. டொனால்ட் டிரம்ப் முதல் முறை பதவியேற்ற சில மாதங்களில் 37 நாடுகளில் எடுத்த கணிப்பில், அதிபர் மீதான நம்பிக்கையின் இடைநிலை அளவு (நாடுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 22 சதவீதமாக இருந்தது. ஒபாமாவின் கடைசி ஆண்டுகளில் அது 64. ஜெர்மனியில் 86இலிருந்து 11க்கும், தென் கொரியாவில் 88இலிருந்து 17க்கும் விழுந்தது. இரண்டே நாடுகளில் மட்டும் அவருக்கு முந்தைய அதிபரைவிடக் கூடுதல் நம்பிக்கை கிடைத்தது: ஒன்று இஸ்ரேல், மற்றொன்று ரஷ்யா. பிறகு ஜோ பைடன் வந்தபோது, 2021இல் 12 நாடுகளின் கணிப்பில் அமெரிக்கா மீதான நல்லெண்ணம், அதற்கு முந்தைய ஆண்டின் 34 சதவீதத்திலிருந்து 62 ஆனது. டிரம்ப் இரண்டாம் முறை பதவிக்கு வந்தபின், 2025இல் 24 நாடுகளில் கேட்டபோது அவர் மீதான நம்பிக்கையின் இடைநிலை 34 சதவீதம். அந்த 24இல் 15 நாடுகளில் அமெரிக்கா மீதான நல்லெண்ணம் முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருந்தது. அண்டை நாடுகளான மெக்சிகோவிலும் கனடாவிலும் சரிவு மிகக் கூர்மையாக இருந்தது. இஸ்ரேல், நைஜீரியா, துருக்கி ஆகியவற்றில் அது உயர்ந்தது என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், “இன்று எல்லா நாடுகளும் நம்மை மதிக்கின்றன” என்ற வாக்கியம் நிற்காது. “சில நாடுகளில் நம் மதிப்பு கூடியிருக்கிறது” என்ற வாக்கியம் நிற்கும்.

“உலகம் சிரித்தது” என்ற பாதியையும் பார்ப்போம். இது மிகப் பழைய குற்றச்சாட்டு. ரொனால்ட் ரீகன் அதிபராக இருந்த 1987இல், அப்போது நிலம், கட்டடத் தொழிலில் இருந்த டிரம்ப், அமெரிக்க அரசியல்வாதிகளைப் பார்த்து உலகம் சிரிக்கிறது என்று மூன்று பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்திருந்தார். எந்த நாட்டு மக்கள், எதை அளந்து அறிந்தது என்பதற்கு அந்த விளம்பரத்தில் சான்று ஏதும் இல்லை. மாறாக, 2018 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில், இரண்டே ஆண்டுகளுக்குள் தம் நிர்வாகம் நாட்டின் வரலாற்றிலேயே ஏறக்குறைய எந்த நிர்வாகத்தையும்விட அதிகம் சாதித்துவிட்டது என்று அவர் சொன்னபோது அவையில் எழுந்த சிரிப்பு ஒளிப்பதிவாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு நிமிடச் சிரிப்பை ஒரு நாட்டின் உலகப் பெயருக்கான அளவுகோலாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அவையில் இருந்தவர்கள் தூதர்களும் அமைச்சர்களும். கணிப்பில் பதில் சொன்னவர்கள் பொதுமக்கள். தலைவரின் கூற்றைச் சோதிக்கும் அதே கண்டிப்புடன் அவருக்கு எதிரான காட்சியையும் சோதிக்க வேண்டும்.

கேள்வி: நாட்டின் பெயரும் தலைவரின் பெயரும் ஒன்றுதானே? தலைவரைப் பிடிக்காவிட்டால் நாட்டையும் பிடிக்காமல் போய்விடும் அல்லவா?

பதில்: இல்லை. மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுக் கணிப்பிலேயே, அதிபர் மீதான நம்பிக்கை 42 புள்ளிகள் விழுந்தபோது நாட்டின் மீதான நல்லெண்ணம் 64இலிருந்து 49க்குத்தான் குறைந்தது. அமெரிக்க மக்களைப் பற்றி நல்ல எண்ணம் சொன்னவர்கள் அதைவிடவும் அதிகம். ஒரு தலைவர் நாட்டின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துப் பேசும்போது, காட்டப்படும் எண் இவற்றில் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தக் கணிப்புகளை எடுப்பவை மேற்கத்திய நிறுவனங்கள். ஒரு நாட்டில் ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டுக் கோடிக்கணக்கானவர்களின் மனத்தைச் சொல்கிறார்கள். இதை நம்பி ஒரு நாட்டின் தலைவரைப் பொய்யர் என்பது நியாயமா?

பதில்: உங்கள் ஐயத்தில் ஒரு பகுதி நியாயமானது, எண்ணிக்கை பற்றிய பகுதி அப்படி அல்ல. ஆட்களைச் சரியான முறையில் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தால் ஆயிரம் பேரின் பதில், முழு மக்கள்தொகையின் பதிலிலிருந்து மூன்று, நான்கு புள்ளிகளுக்குள்ளேயே பெரும்பாலும் இருக்கும். ஆகவே 48க்கும் 50க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டி ஒருவர் வெற்றி முழக்கம் செய்தால் அதை ஏற்க வேண்டாம். 86க்கும் 11க்கும் உள்ள வேறுபாட்டை அப்படித் தள்ளிவிட முடியாது.

நியாயமான பகுதி எதுவென்றால், எந்தெந்த நாடுகளில் கேட்டார்கள் என்பது. பியூ மையம் 2017இல் 37 நாடுகளில் கேட்டது. பெருந்தொற்று ஆண்டான 2020இல் 13 நாடுகளில்தான் கேட்க முடிந்தது. வீடு வீடாகச் சென்று கேட்க முடியாத நிலையில், தொலைபேசி வழியாக எட்டக்கூடிய வளமான நாடுகளே பட்டியலில் தங்கின. அந்த 13 நாடுகளில் டிரம்ப் மீதான நம்பிக்கையின் இடைநிலை 16 சதவீதம். 2017இன் 22ஐயும் 2020இன் 16ஐயும் அருகருகே வைத்து, “உலக நம்பிக்கை ஆறு புள்ளி சரிந்தது” என்று எழுதினால் அது பிழை. இரண்டு ஆண்டுகளிலும் பட்டியலில் இருந்த நாடுகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். இந்தப் பிழையைத் தலைவர்களைவிடச் செய்தித்தாள்களே அதிகம் செய்கின்றன என்பது என் வருத்தம்.

இடைநிலை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நாடுகளை எண்ணின் ஏறுவரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் நாட்டின் எண் அது. அதில் மக்கள்தொகைக்கு எடை கிடையாது. எட்டரைக் கோடிப் பேர் வாழும் ஜெர்மனியும் ஒரு கோடிப் பேர் வாழும் சுவீடனும் அங்கே ஒன்றுதான். எனவே அதை “உலக மக்களில் இத்தனை சதவீதம்” என்று படிக்கக் கூடாது.

மேற்கத்திய நிறுவனம் என்ற காரணத்துக்காக மட்டும் ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. ஓர் அதிபருக்கு உயர்வையும் அடுத்தவருக்குச் சரிவையும் அதே அளவுகோல் காட்டியிருக்கிறது. தன் சொந்த நாட்டைப் பற்றிய மிகக் கசப்பான எண்களையும் அதே மையம் வெளியிட்டிருக்கிறது. அதன் முடிவில் ஐயம் இருந்தால் வேறொரு நிறுவனம் தனியாக எடுத்ததைப் பாருங்கள். கேலப் நிறுவனம் 134 நாடுகளில் அமெரிக்கத் தலைமையைப் பற்றிக் கேட்டபோதும், ஆதரவின் இடைநிலை 2016இல் 48 சதவீதமாக இருந்து 2017இல் 30 ஆகக் குறைந்தது. வேறு நிறுவனம், வேறு கேள்வி, வேறு நாட்டுப் பட்டியல்; ஆனாலும் திசை ஒன்றே. இப்படி இரண்டு சான்றுகள் ஒத்துப்போகும்போது தயக்கமின்றி எழுதலாம்.

கேள்வி: நம் பிரதமர் நரேந்திர மோடி உலகிலேயே செல்வாக்கு மிக்க தலைவர் என்று ஒரு சர்வதேசக் கணிப்பு சொல்வதாக அடிக்கடி படிக்கிறோம். அவருக்கு 70 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்கிறார்கள். இது உண்மையா?

பதில்: எண் உண்மை, அதற்குத் தரப்படும் பொருள் தவறு. மார்னிங் கன்சல்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணிப்பு அது. அதில் ஒவ்வொரு நாட்டு மக்களிடமும் அவரவர் நாட்டுத் தலைவரைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள். இந்தியர்களிடம் இந்தியப் பிரதமரைப் பற்றியும், ஜப்பானியர்களிடம் ஜப்பானியப் பிரதமரைப் பற்றியும் கேட்டு, கிடைத்த எண்களை ஒரே பட்டியலில் அடுக்குகிறார்கள். உலகம் மோடியைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது அதில் கேட்கப்படவே இல்லை. இந்தியாவில் அந்தக் கணிப்பு எழுத்தறிவு உள்ளவர்களையே பிரதிநிதித்துவப்படுத்துகிறது என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது. உள்நாட்டில் அவருக்கு ஆதரவு அதிகம் என்பதற்கு அது சான்று; வெளிநாட்டு மதிப்புக்கு அது சான்றாகாது.

வெளிநாட்டு மதிப்பைத் தெரிந்துகொள்ள விரும்பினால், பியூ மையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. 23 நாடுகளில் இந்தியாவைப் பற்றி நல்ல எண்ணம் சொன்னவர்களின் இடைநிலை 46 சதவீதம். எதிரான எண்ணம் 34. அதாவது, இந்தியாவுக்கு நல்ல பெயர்தான் மேலோங்கி இருக்கிறது, அதில் மகிழ இடமுண்டு. மோடி மீதான நம்பிக்கையைக் கேட்ட 12 நாடுகளில், நம்பிக்கை உண்டு என்றவர்கள் 37 சதவீதம், இல்லை என்றவர்கள் 40. பிரான்சில் 2008இல் 70 சதவீதமாக இருந்த இந்தியா மீதான நல்லெண்ணம் 2023இல் 39 ஆகியிருந்தது.

அந்த அறிக்கையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த இடம் வேறு. அண்மை ஆண்டுகளில் இந்தியாவின் செல்வாக்கு உலகில் வளர்ந்திருக்கிறதா என்ற கேள்விக்கு, இந்தியர்களில் பத்தில் ஏழு பேர் ஆம் என்றார்கள். அதே கேள்விக்கு மற்ற 19 நாடுகளில் ஆம் என்றவர்களின் இடைநிலை 28 சதவீதம்தான். தலைவரின் கூற்று உள்நாட்டில் ஏன் இவ்வளவு எளிதாக ஏற்கப்படுகிறது என்பதற்கு இந்த இடைவெளியில் விடை இருக்கிறது. வெளியே நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலோர் உள்ளூர்ச் செய்திகள் வழியாகத்தான் அறிகிறோம். அந்தச் செய்திகளில் வெளிநாட்டுக் குடிமக்களின் குரலைவிட நம் தலைவர்களின் குரலே அதிகம் ஒலிக்கிறது. ஆகவே, “நம்மை உலகம் மதிக்கிறது என்று நம் மக்களில் இத்தனை பேர் நம்புகிறார்கள்” என்ற கணிப்பை யாராவது சான்றாகக் காட்டினால், அது உலகத்தைப் பற்றிய செய்தி அல்ல.

கேள்வி: கணிப்புகளை விடுங்கள், உலகத் தரவரிசைகளில் ஒரு நாடு முன்னேறினால் அது அசைக்க முடியாத சான்றல்லவா? எடுத்துக்காட்டாக, தொழில் தொடங்க எளிதான நாடுகளின் பட்டியல், பாஸ்போர்ட் வலிமைப் பட்டியல் போன்றவை.

பதில்: ஒவ்வொரு பட்டியலும் எதை அளக்கிறதோ அதற்குத்தான் சான்று. உலக வங்கியின் தொழில் செய்ய உகந்த நாடுகள் பட்டியலில் இந்தியா 2014இல் 142ஆம் இடத்தில் இருந்து 2019இல் 63ஆம் இடத்துக்கு வந்தது. அந்தப் பட்டியல் அளந்தது கட்டட அனுமதி, மின் இணைப்பு, ஒப்பந்த வழக்குகள் போன்றவற்றில் உள்ள விதிகளையும் நாட்களையும் செலவையும்தான். நாட்டின் மீதான மதிப்பை அல்ல. பின்னர் அந்தப் பட்டியலின் தரவுகளிலேயே முறைகேடு நடந்தது தெரியவந்தது. 2018ஆம் ஆண்டு அறிக்கையில் சீனா 85ஆம் இடத்துக்குப் போக வேண்டியிருந்த நிலையில் 78இல் நிறுத்தப்பட்டது என்று விசாரணையில் வெளியானது. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், அஜர்பைஜான் ஆகியவற்றின் தரவுகளும் கேள்விக்குள்ளாயின. முறைகேடு கண்டறியப்பட்ட நாடுகளில் இந்தியா இல்லை. ஆனால் 2021 செப்டம்பரில் உலக வங்கி அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டது. இன்றும் மேடைகளில் அதன் எண்ணை மட்டும் சொல்லி, அது நிறுத்தப்பட்ட கதையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஹென்லி பாஸ்போர்ட் குறியீடு, முன்கூட்டியே விசா வாங்காமல் எத்தனை இடங்களுக்குச் செல்லலாம் என்பதை எண்ணுகிறது. இதில் எண்ணிக்கையும் வரிசை எண்ணும் எதிரெதிர்த் திசையில் போகக்கூடும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2014இல் 52 இடங்கள், வரிசையில் 76. 2023 நடுவில் 57 இடங்கள், வரிசையில் 80. ஆளுங்கட்சிக்காரர் கூடிய ஐந்து இடங்களைச் சொல்வார், எதிர்க்கட்சிக்காரர் இறங்கிய நான்கு படிகளைச் சொல்வார். இரண்டும் உண்மை. மற்ற நாடுகள் நம்மைவிட வேகமாக உடன்பாடுகள் செய்துகொண்டன என்பதே இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் செய்தி.

பிற நாடுகளை வற்புறுத்தாமல் ஈர்க்கும் திறனை அளப்பதாகச் சொல்லும் மென்மையான வல்லமைக் குறியீடுகளிலும் செல்வாக்கும் நற்பெயரும் ஒரே மொத்த மதிப்பெண்ணில் கலந்துவிடுகின்றன. பிராண்ட் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டுக் குறியீட்டில் சீனா இரண்டாம் இடம் பெற்றது. ஆனால் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சீனாவைப் பற்றி எதிரான எண்ணம் கொண்டிருந்ததை 2023ஆம் ஆண்டின் பியூ கணிப்பு காட்டியது. எல்லோரும் அறிந்த நாடு, எல்லோரையும் பாதிக்கும் நாடு, எல்லோருக்கும் பிடித்த நாடு ஆகிய மூன்றும் வேறு வேறு.

கேள்வி: ஐக்கிய நாடுகள் சபையில் வாக்குகள் வாங்குவதும், ஜி20 போன்ற அமைப்புக்குத் தலைமை ஏற்பதும் மற்ற நாடுகளின் அரசுகளே தரும் மதிப்பல்லவா?

பதில்: சில நேரங்களில் ஆம், போட்டி இருந்ததா என்று பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும். 2020 ஜூன் 17 அன்று பாதுகாப்பு மன்றத்தின் தற்காலிக உறுப்பினர்களுக்கான வாக்கெடுப்பில் இந்தியா 192 வாக்குகளில் 184ஐப் பெற்றது. அதே நாளில் மெக்சிகோ 187 பெற்றது. இரண்டு நாடுகளுமே தத்தம் வட்டாரத்துக்கான இடத்துக்குத் தனி வேட்பாளர்கள். எதிர்த்து நின்றவர் யாரும் இல்லை. மேற்கத்திய நாடுகளுக்கான இரண்டு இடங்களுக்கோ மூன்று நாடுகள் போட்டியிட்டன. நார்வே 130, அயர்லாந்து 128 என்று வென்றன. கனடா 108 வாக்குகளுடன் தோற்றது. உலக அரங்குக்குக் கனடா திரும்பிவிட்டது என்று 2015இல் அந்நாட்டின் பிரதமரான ஜஸ்டின் ட்ரூடோ அறிவித்திருந்ததை மற்ற அரசுகள் எந்த அளவுக்கு ஏற்றன என்பதைச் சோதிக்க அந்த 108 உதவும். போட்டியில்லாத 184ஐ வைத்து அப்படிச் சோதிக்க முடியாது. வட்டார நாடுகள் வேறு வேட்பாளரை நிறுத்தாமல் ஒத்துக்கொண்டன என்பது மட்டும் அதிலிருந்து தெரியும், அதுவும் சிறு விஷயம் அல்ல.

ஜி20 தலைமை சுழற்சி முறையில் வருவது. 2022இல் இந்தோனேசியா, 2023இல் இந்தியா, 2024இல் பிரேசில், 2025இல் தென் ஆப்பிரிக்கா. தலைமை வந்தது பெருமைக்குச் சான்றல்ல. அந்த ஆண்டில் என்ன முடிவுகளை எட்ட வைத்தார்கள் என்பதைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும்.

கேள்வி: “அந்த நாட்டு மன்னரே என்னிடம் தனியாகச் சொன்னார்” என்கிறார்களே?

பதில்: சரிபார்க்க முடியாதது. பொய் என்றும் எழுதக் கூடாது, உண்மை என்றும் எழுதக் கூடாது. விருந்தாளியிடம் இனிமையாகப் பேசுவது அரசுமுறை மரபு என்பதை மட்டும் சேர்த்து எழுதலாம்.

கேள்வி: யுனெஸ்கோ நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக அறிவித்துவிட்டது என்ற செய்தி ஆண்டுதோறும் கைபேசியில் வருகிறது. உண்மையா?

பதில்: இல்லை. அப்படி எந்த அறிவிப்பும் செய்யவில்லை என்று யுனெஸ்கோ 2008ஆம் ஆண்டிலேயே மறுத்துவிட்டது.

கேள்வி: நான் இதழியல் படிக்கும் மாணவி. ஒரு தலைவரின் இத்தகைய கூற்றை நானே சரிபார்த்துக் கட்டுரை எழுத விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தலைவர் சொன்னதை, பேச்சின் முழு ஒளிப்பதிவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள், செய்தித் தலைப்பிலிருந்து எடுக்காதீர்கள். பிறகு அவருடைய அலுவலகத்துக்கோ கட்சிக்கோ எழுதி, எந்தத் தரவை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், கேட்டோம், வரவில்லை என்று கட்டுரையில் குறிப்பிடுங்கள். 2003இல் தொடங்கிய ஃபேக்ட்செக், 2007இல் தொடங்கிய பாலிட்டிஃபேக்ட் போன்ற அமெரிக்கச் சரிபார்ப்பு அமைப்புகளின் கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். சொன்னவரிடமே சான்று கேட்பது அவர்களுடைய வழக்கமான முதல் வேலைகளில் ஒன்று.

கணிப்பு அறிக்கையை எடுக்கும்போது அதன் முன்னுரையோடு நிறுத்திவிடாமல், கடைசியில் இருக்கும் முழு அட்டவணைக்குப் போங்கள். கேட்கப்பட்ட கேள்வி சொல் மாறாமல் அங்கே இருக்கும்; ஒவ்வொரு நாட்டுக்கும் முந்தைய ஆண்டுகளின் எண்களும் இருக்கும். எந்த மாதங்களில் கேட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு போர் தொடங்குவதற்கு முன் எடுத்த எண்ணை, போருக்குப் பின் பேசிய பேச்சோடு பொருத்திவிடும் ஆபத்து உண்டு. தலைவரின் கூற்றுக்குச் சாதகமான நாடுகள் அட்டவணையில் இருந்தால் அவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு, உங்களுக்குப் பிடித்த தலைவர் ஒருவர் இதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் இதே அட்டவணையை வைத்து இதே முடிவைத்தான் எழுதியிருப்பீர்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஆசிரியரிடம் கொடுங்கள்.